வேர் எழுதிய எழுத்து: புதையுண்ட எலும்புகளில் வேர்த்தடங்களும் அவற்றைப் படித்த வரலாறும்

முன்னுரை

பழங்கால மக்களின் வாழ்வை அறிதற்கு நூல்களும் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நாணயங்களும் சான்றாகின்றன. எழுத்துத் தோன்றுதற்கு நெடுங்காலம் முற்பட்ட மாந்தரின் வாழ்வை அறிதற்கோ, மண்ணினின்று அகழ்ந்தெடுக்கப்பெறும் கற்கருவிகளும் எலும்புகளுமே பெரிதும் சான்றாகின்றன. அவ்வெலும்புகளின் மேற்பரப்பில் கீறல், குழி, வரி எனப் பலவகைக் குறிகள் காணப்படும். அவற்றுட் சில, கற்கருவியால் ஊனை அரிந்தபோது உண்டாயவை. சில, விலங்கின் பல்லால் உண்டாயவை. சில, மணலும் பரலும் உராய்ந்தமையால் உண்டாயவை. வேறு சில, செடிகொடிகளின் வேர்கள் எலும்பின்மேற் படர்ந்து அரித்தமையால் உண்டாயவை. இவ்விறுதி வகையினை வேர்த்தடம் என இக்கட்டுரையில் வழங்குவோம்.

வேர்த்தடம் மிகச் சிறிய பொருளே. ஆயினும் அதனை மனிதக்கை இட்ட குறியென மயங்கின், இல்லாத வரலாறு ஒன்று தோன்றிவிடும். விலங்கின் பற்குறியென மயங்கின், உள்ள வரலாறு திரிந்துவிடும். குறி யாது கூறுகின்றது என வினவுதற்கு முன்னர், குறியை இட்டது யாது என வினவல் வேண்டும். இவ்வொழுங்கினை எலும்பாராய்ச்சி அறிஞர் படிப்படியாகக் கற்ற வரலாற்றையும், அவ்வரலாற்றில் வேர்த்தடத்திற்கு உள்ள இடத்தையும் ஆராய்வதே நம் நோக்கமாகும்.

தமிழாராய்ச்சி இதழில் எலும்பும் வேரும் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். ஏட்டுச் சுவடிகளைப் பரிசோதித்துப் பழகியோர்க்கு இவ்வினா எழாது. ஓலையில் எழுத்தாணி கீறிய வரியும் உண்டு. செல்லரித்த தடமும் இராமபாணப் பூச்சி துளைத்த துளையும் உண்டு. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது எழுதுதல் பெருவழக்கு. அத்தகைய ஏட்டில் பூச்சியின் துளையைப் புள்ளியெனக் கொள்வோன், பாடத்தையே மாற்றிவிடுவான். குறியிட்டாரைப் பிரித்தறிதல் சுவடியாராய்ச்சிக்கும் எலும்பாராய்ச்சிக்கும் பொதுவாய முதற்படியாகும்.

1860ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

வேர் கடினமான பொருளையும் அரிக்கவல்லது என்பதனைக் கண்கூடாகக் காட்டியவர் ஜெர்மானியச் செடியியல் அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ் ஆவார். மக்காச்சோள வேர்கள் சலவைக்கல்லைக் கரைத்தல் பற்றிய தம் ஆய்வினை அவர் 1860இல் வெளியிட்டார். அவர் கையாண்ட முறை மிக எளியது. நன்கு மெருகிட்ட சலவைக்கற் பலகையின்மேல் மணலைப் பரப்பி அதில் விதை முளைக்கச் செய்தார். கீழ்நோக்கி வளர்ந்த வேர்கள் கல்லைத் துளைக்க மாட்டாமல் அதன் மேற்பரப்பையே தழுவிப் படர்ந்தன. பின்னர்ப் பலகையை எடுத்துக் கழுவி நோக்கியபோது, வேர் சென்ற வழியெல்லாம் மெருகு அழிந்து, வேரின் உருவம் கல்லிற் பதிந்திருந்தது. அக்கீற்றுகளை இட்டது வேரே என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. வேர் படராத இடங்களில் மெருகு மாறாது நின்றது.

அதே 1860ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பிராவிடன்ஸ் நகரில் வேறொரு நிகழ்ச்சி நேர்ந்தது. ரோட் தீவுக் குடியேற்றத்தை நிறுவியவரும், சமய உரிமைக்காகப் போராடியவருமாகிய ரோஜர் வில்லியம்ஸ் 1683இல் மறைந்தார். அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப விரும்பியோர், ஏறத்தாழ 177 ஆண்டுகளுக்குப் பின்னர் அவருடையதெனக் கருதப்பட்ட புதைகுழியைத் தோண்டினர். எலும்புகள் அங்கே கிடைத்தில. அவற்றிற்கு மாறாக, அருகில் நின்ற ஆப்பிள் மரத்தின் வேர் ஒன்று குழியினுட் புகுந்து, முதுகெலும்பு கிடந்த வழியே நீண்டு, இடுப்பளவில் இரண்டாகப் பிரிந்து, முழங்காலளவில் வளைந்து, பாதத்தளவில் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. மரம் அப்பெரியாரை உண்டுவிட்டது என மக்கள் பேசினர். அவ்வேர் ரோட் தீவு வரலாற்றுக் கழகத்தின் பாதுகாப்பில் வைக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடைத்து. சாக்ஸ் கண்டது சோதனை. எவரும் மீண்டும் செய்து பார்க்கத்தக்கது. பிராவிடன்ஸ் மக்கள் கண்டது ஒப்புமை. உடல் மக்கிய இடத்து மண் நெகிழ்ந்தும் சத்து மிக்கும் இருத்தலின், வேர் அவ்வழியை நாடுதல் இயல்பே. ஆயினும் எலும்புகள் மறைந்தமைக்கு வேர் ஒன்றே காரணம் எனக் கொள்ளுதற்கில்லை. அமிலத்தன்மையுடைய மண்ணும் அதனூடு ஊறும் நீரும் எலும்பை முற்றக் கரைக்க வல்லன. உருவ ஒப்புமை மனத்தை எளிதிற் கவரும். அவ்வொப்புமையே முடிவாகிவிடுதலைத் தடுக்கும் முயற்சியாகப் பிற்கால எலும்பாராய்ச்சியை நாம் கொள்ளலாம்.

வேர் செய்யும் தொழில்

சலவைக்கல் கால்சியம் கார்பனேட்டால் ஆயது. எலும்பின் கனிமப் பகுதியோ, அபட்டைட்டு என்னும் கால்சியம் பாஸ்பேட்டு வகையால் ஆயது. உலர்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இக்கனிமமாகும். எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாசன் என்னும் புரதம். இரு கனிமங்களும் அமிலத்திற் கரைவன.

செடிக்கு இன்றியமையாத சத்துகளுள் ஒன்று பாஸ்பரஸ். மண்ணில் அது பெரும்பாலும் எளிதிற் கரையாத வடிவில் இருத்தலின், அதனைக் கரைத்துப் பெறுதற்கு வேர்கள் பல வழிகளைக் கையாள்கின்றன. வேர் மூச்சுவிடுங்கால் வெளிப்படும் கரியமில வாயு மண்ணீரிற் கரைந்து மென்மையான அமிலமாகின்றது. அன்றியும், சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம் போல்வனவற்றையும் வேர்கள் கசியவிடுகின்றன. இவற்றுள் எது முதன்மையானது என்பது பற்றிப் பண்டே கருத்து வேறுபாடு இருந்தது. 1896இல் செக் நாட்டு அறிஞர் பிரெடெரிக் சாபெக் சோதனைகள் பல செய்து, கரியமில வாயுவே பெரிதும் காரணமாகும் என முடிவு கூறினார். பிற்கால ஆய்வுகள் ஏனைய அமிலங்களின் பங்கினையும் நிலைநாட்டியுள்ளன.

வேர் தனித்தும் தொழில் செய்வதில்லை. வேரோடு கூடிப் பூஞ்சைகள் வாழ்தலையும், அக்கூட்டுறவால் செடி பயனடைதலையும் ஆல்பெர்ட் பெர்ன்ஹார்டு பிராங்க் 1885இல் எடுத்துக்காட்டி அதற்குத் தனிப்பெயரும் இட்டார். இப்பூஞ்சைகளின் நுண்ணிழைகள் வேர் எட்டாத இடங்களிலும் சென்று சத்தினைக் கரைத்துக் கொணர்கின்றன. ஆதலின் எலும்பின் மேற்காணும் தடம் வேரால் நேரே ஆயதா, வேரைச் சார்ந்த பூஞ்சையால் ஆயதா என்பது பற்றி அறிஞரிடையே இருவகைக் கருத்துண்டு. எலும்பின் உள்ளே நுண்ணுயிர்கள் துளைக்கும் சுரங்கங்கள் இவற்றின் வேறானவை. அத்தகைய சுரங்கங்களை வியன்னா நகர் அறிஞர் கார்ல் வெடில் 1864இலேயே நுண்ணோக்கியாற் கண்டு குறித்தார். ஹாக்கெட் என்பார் 1981இல் அவற்றை விரிவாக வகுத்துரைத்தார்.

எலும்பின் குறிகளைப் படித்த வரலாறு

எலும்பின் குறியைக் கொண்டு அதனை இட்டாரை அறியும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றியது. இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியிலுள்ள கிர்க்டேல் குகையில் 1821இல் எலும்புகள் பல வெளிப்பட்டன. வில்லியம் பக்லாண்டு அவற்றை ஆராய்ந்து, அக்குகை பண்டு கழுதைப்புலிகளின் உறைவிடமாக இருந்தது எனத் துணிந்தார். உயிருள்ள கழுதைப்புலி ஒன்றுக்கு எலும்பைக் கொடுத்துக் கடிக்கச் செய்து, அது விட்ட மிச்சத்தைக் குகை எலும்புகளோடு ஒப்பிட்டுத் தம் துணிபை உறுதிப்படுத்தினார். 1823இல் வெளிவந்த அவரது நூலில் இவ்வாராய்ச்சி இடம்பெற்றுள்ளது.

1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனிதனின் பழமை பற்றிய வழக்கு ஐரோப்பாவில் வலுத்தது. அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளில் கருவியால் வெட்டிய குறிகள் உண்டெனப் பிரெஞ்சு அறிஞர் எடுவார்டு லார்த்தே 1860இல் எழுதினார். 1863இல் ஜூல் தெனோயே, பிரான்சின் சேன்-பிரெஸ்டு என்னும் இடத்துக் கிடைத்த மிகப் பழைய எலும்புகளிலும் மனிதன் வெட்டிய குறிகளைக் கண்டதாக அறிவித்தார். மனிதனின் பழமையை ஏற்ற சார்லஸ் லயல் தாமும் அதனை உடனே ஒப்பவில்லை. இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் முள்ளம்பன்றிகளுக்கு எலும்புகளை இடுவித்து, அவை கறித்த தடங்களை நோக்கினார். கொறிவிலங்கின் பல்லும் அத்தகைய கீற்றுகளை இடவல்லது எனக் கண்டார். தம் கொள்கைக்குத் துணையாகத் தோன்றிய சான்றினையும் சோதியாது ஏற்காமையே லயலின் பெருமை.

இருபதாம் நூற்றாண்டில் சீனத்துச் சோகோடியன் குகை இவ்வழக்கினைப் புதுப்பித்தது. அங்கே கிடைத்த உடைந்த எலும்புகளை மனிதன் செய்த கருவிகளெனப் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பிரெய் கொண்டார். அக்குகையில் 1929இல் முதல் மண்டையோட்டைக் கண்டெடுத்த பெய் வென்சோங், எலும்பு உடைதற்கு விலங்குகளும் இயற்கைக் காரணங்களும் எவ்வாறு துணையாகின்றன என்பதனை 1938இல் தனி நூலாக எழுதி, பிரெய்யின் கொள்கைக்கு வரம்பு கட்டினார். 1940இல் உருசிய நாட்டு இவான் எஃபிரெமோவ், உயிர்ப்பொருள் மண்ணுட் புதைந்து எச்சமாகும் நெறியை ஆராயும் துறைக்கு டாஃபோனமி எனப் பெயரிட்டார். புதைவியல் என அதனை நாம் தமிழில் வழங்கலாம். கழுதைப்புலியும் முள்ளம்பன்றியும் நெடுங்காலம் பெற்றிருந்த கவனத்தை வேர் பெறுதற்கு இத்துறை வளர்ச்சியே வழி செய்தது. லீ லைமன் 1994இல் வெளியிட்ட முதுகெலும்பிகளின் புதைவியல் பற்றிய பெருநூலில் வேரரிப்பு எலும்பை மாற்றும் காரணங்களுள் ஒன்றாக வைத்து ஆராயப்பட்டுள்ளது.

வேர்த்தடத்தின் இலக்கணம்

வேர்த்தடத்தை ஏனைய குறிகளினின்று பிரித்தறிதற்குச் சில இலக்கணங்கள் வகுக்கப்பட்டுள்ளன. கற்கருவியின் வெட்டுக்குறி பெரும்பாலும் நேரானது. குறுக்குவெட்டில் கூரிய அடியினை உடையது. அதன் உள்ளே, கருவியின் ஓரத்துச் சிறு முனைகள் இட்ட நுண்வரிகள் ஒருபோகாகச் செல்லும். தசையும் தசைநாரும் எலும்போடு பொருந்தும் இடங்களில் அது மிகுதியாகக் காணப்படும். ஊனை அரிவோனுக்கு அங்கேதான் தொழில் உண்டு.

வேர்த்தடமோ வளைந்து நெளிந்து செல்லும், கிளைக்கும், ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு வலைபோற் பரவும். அதன் அடி உருண்டு வழவழப்பாக இருக்கும், நுண்வரிகள் இரா. வேரின் பருமன் எவ்வளவோ, அவ்வளவே தடத்தின் அகலமாகும். தசை பொருந்தும் இடம், பொருந்தா இடம் என்னும் வேறுபாடு அதற்கில்லை. முழுத்தடமும் எஞ்சியிருக்குமாயின் ஐயத்திற்கு இடமே இராது. பயிற்சியில்லாதோரும் வேர் சென்ற வழியென உணர்வர்.

இடர் நேர்வது தடம் சிதைந்தவிடத்தே. எலும்பின் மேற்பரப்பு உதிர்ந்து, வலையின் ஒரு சிறு துண்டு மட்டும் எஞ்சுமாயின், அது தனிக்கீற்றாகத் தோன்றும். வேரின் நுனி ஓரிடத்தே தங்கி அரித்த குழி, பல் பதிந்த குழிபோலத் தோன்றும். விலங்கின் பல் இழுபட்ட தடமும் உருண்ட அடியினை உடையதாதலின், மயக்கம் பின்னும் மிகும். இந்நிலையில் ஒரு குறியை மட்டும் தனித்து நோக்கி முடிபு கூறல் தகாது. அவ்வெலும்பின் ஏனைப் பகுதியையும், உடன் கிடைத்த பிற எலும்புகளையும், அவை கிடந்த மண்ணின் இயல்பையும் சேர்த்து நோக்கல் வேண்டும். சொல் ஒன்றன் பொருள் ஐயமாயவிடத்து, முன்னும் பின்னும் நோக்கிப் பொருள் கொள்ளும் உரையாசிரியர் முறையும் இதுவேயன்றோ?

ஓல்டுவாய் வழக்கு

இம்மயக்கத்தின் விளைவு எத்துணைப் பெரிதாகும் என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கு தக்க சான்றாகும். இன்றைய தான்சானிய நாட்டிலுள்ள அவ்விடத்தில் 1959 சூலைத் திங்களில் மேரி லீக்கி அம்மையார் தொல்மாந்தனின் மண்டையோடு ஒன்றினைக் கண்டெடுத்தார். சிஞ்சாந்திரோப்பஸ் என அப்போது பெயரிடப்பட்டமையின், அகழ்விடமும் சிஞ்சுத் தளம் என வழங்கலாயிற்று. ஏறத்தாழ 18 இலட்சத்து 40 ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அத்தளத்தில் கற்கருவிகளும் விலங்கெலும்புகளும் ஒருங்கே கிடந்தன.

அவ்விலங்குகளின் ஊனைத் தொல்மாந்தர் எவ்வாறு பெற்றனர் என்பதே வினா. ஓல்டுவாய் எலும்புகளில் கற்கருவியின் வெட்டுக்குறிகள் உண்டு என்பதனை 1981இல் ஹென்றி பன் ஒருபுறமும், ரிச்சர்டு பாட்ஸ், பேட் ஷிப்மன் ஆகிய இருவர் மற்றொருபுறமும் வெளியிட்டனர். அதே ஆண்டில் லூயிஸ் பின்போர்டு, தொல்மாந்தர் பிற விலங்குகள் உண்டு கழித்தவற்றையே பெற்றனர் என வாதிட்டார். பின்னர் ராபர்ட் பிளூமென்சைன், இக்கால ஆப்பிரிக்கக் காடுகளிற் கண்டறிந்த பற்குறி அளவுகளோடு சிஞ்சுத் தளத்து எலும்புகளை ஒப்பிட்டு, 1995இல் ஒரு முடிபு கூறினார். அவ்வெலும்புகளில் பற்குறிகள் மிகுதியாக இருத்தலின், ஊனுண் விலங்குகள் முதலிலும், மூளை போன்ற எலும்பகத்துக் கொழுப்பை நாடிய மாந்தர் அடுத்தும், கழுதைப்புலிகள் இறுதியிலும் அவற்றைக் கையாண்டன என்பது அவர் கருத்து.

2006இல் ஸ்பெயின் நாட்டு மானுவல் தொமிங்கெஸ்-ரொத்ரிகோவும் பார்பாவும் அவ்வெலும்புகளை மீண்டும் நோக்கினர். பற்குறிகளென எண்ணப்பட்டவற்றுட் பல, வேர்களையும் அவற்றைச் சார்ந்த பூஞ்சை முதலிய நுண்ணுயிர்களையும் காரணமாகக் கொண்ட அரிப்புகளே என அவர்கள் கூறினர். அவற்றைக் கழித்து எண்ணின், பற்குறிகளின் அளவு மிகக் குறையும். குறையவே, விலங்குகள் முதலில் உண்டன என்னும் கொள்கைக்குப் பிடிமானம் இராது. தொல்மாந்தர் ஊன் மிக்க விலங்குடலை முற்படப் பெற்றனர் என்னும் கொள்கை வலுப்பெறும். 2007இல் பிளூமென்சைனும் அவர் குழுவினரும் இதனை மறுத்து, தாம் கண்டவை பற்குறிகளே என வலியுறுத்தினர்.

இவ்விரு திறத்தாரும் ஒரே எலும்புகளைக் கண்டவர்; உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையும் உடையவர். மாந்தரினத்தின் தொடக்ககால வாழ்வு வேட்டுவ வாழ்வா, எச்சம் பொறுக்கிய வாழ்வா என்னும் பெருவினா, ஒரு சிறு குழியை இட்டது பல்லா வேரா என்னும் நுண்வினாவைச் சார்ந்து நின்றது. நுண்வினாவில் ஒருமைப்பாடு இல்லாதவரை, பெருவினாவுக்கு விடை கூறுவோர் தம் குறியீட்டு எண்ணிக்கைக்கு அடிப்படை யாதென வெளிப்படக் கூறுதல் கடமையாகின்றது.

வேர் பகரும் சான்று

வேர்த்தடம் சான்றினை அழிக்கும் இயல்பிற்று என்பது உண்மையே. வேர் மிகுதியாக அரித்த எலும்பில், முன்னிருந்த மெல்லிய வெட்டுக்குறிகள் மறைந்துவிடும். ஆதலின் அத்தகைய எலும்பில் வெட்டுக்குறி காணப்படாமையைக் கொண்டு, மாந்தர் கை படவில்லை எனத் துணிதல் பிழையாகும். காணாமை, இன்மைக்குச் சான்றாகாது. எலும்பின் காலத்தைக் கதிரியக்கக் கரிமத்தால் கணிப்போர்க்கும் வேர் இடையூறு விளைக்கும். பிற்கால வேரும் மட்கும் புதிய கரிமத்தைக் கொணர்ந்து பழைய எலும்பிற் கலத்தலின், கொலாசனைத் தூய்மைப்படுத்திப் பிரித்த பின்னரே கணித்தல் வேண்டும்.

எனினும் வேர் தானும் ஒரு சான்றாளியே. தடம் காணப்படுமாயின், எலும்பு செடி வளரும் மண்ணில், வேர் எட்டும் ஆழத்தில், ஒருகாலத்துக் கிடந்தது என்பது போதரும். எலும்பின் உடைந்த பரப்பின்மீதும் தடம் தொடர்ந்து செல்லுமாயின், உடைவு முற்பட்டது, வேர் பிற்பட்டது என அறியலாம். உடைவு தடத்தைத் துணிக்குமாயின், முறை மாறும். வெட்டுக்குறியின்மேல் வேர்த்தடம் குறுக்கிடின், வெட்டுக்குறி அகழ்ந்தோர் கருவியால் அண்மையில் நேர்ந்ததன்று, பழையது என்பது உறுதியாகும். மூலபாடத்தின் மேல் இடைச்செருகலும், அதன்மேல் பிற்காலத்தார் திருத்தமும் படிந்த ஏட்டினை அடுக்கடுக்காகப் பிரித்துப் படித்தலை இஃது ஒக்கும்.

இந்நுட்பம் பண்டை மாந்தர்க்கு மட்டும் உரியதன்று. அண்மையில் இறந்து புதையுண்டோரின் எலும்புகள் வழக்குமன்றத்திற்குச் சான்றாக வருதலும் உண்டு. வேரின் அரிப்பைக் கத்தியின் காயமெனக் கொள்ளின், நடவாத கொலை ஒன்று நடந்ததாகும். காயத்தை வேரின் அரிப்பெனத் தள்ளின், நடந்த கொலை மறையும். நம் நாட்டில் ஆதிச்சநல்லூர், கொந்தகை முதலிய இடங்களில் முதுமக்கள் தாழிகளினின்று மனித எலும்புகள் கிடைத்துள்ளன. அத்தகையவற்றில் காணும் ஒவ்வொரு கீற்றினையும் நோயென்றோ போர்ப்புண்ணென்றோ கூறுதற்கு முன்னர், இவ்வளவையால் சோதித்தல் இன்றியமையாதது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வேர் எலும்பின் கனிமத்தை அமிலத்தாற் கரைத்துத் தடம் இடுகின்றது என்பதும், அத்தடத்திற்குத் தனி இலக்கணம் உண்டு என்பதும், அவ்விலக்கணம் சிதைந்தவிடத்து வெட்டுக்குறியோடும் பற்குறியோடும் மயங்கும் என்பதும், ஓல்டுவாய் வழக்கில் அம்மயக்கம் மாந்தர் வரலாற்றின் பெருவினாவையே தொட்டது என்பதும் புலனாகும். பக்லாண்டு கழுதைப்புலிக்கும், லயல் முள்ளம்பன்றிக்கும் எலும்பை இட்டுச் சோதித்தனர். சாக்ஸ் மக்காச்சோளத்தின் வேருக்குச் சலவைக்கல்லை இட்டார். இட்டார் இன்னார் என ஐயமற அறிந்த குறிகளை முன்வைத்து, அறியாத குறிகளை அவற்றோடு ஒப்பிடும் நெறி இம்மூவர்க்கும் பொதுவாகும்.

அகழ்வோர் எலும்பினைக் கழுவித் துலக்கும்போது, அதனைப் பற்றியிருக்கும் வேர்களைக் குப்பையென எண்ணிக் குறிப்பெடாது களைதல் எளிது. எந்த எலும்பில், எப்பக்கத்தில், எவ்வளவு பருமனுள்ள வேர் படர்ந்திருந்தது என ஒரு வரி எழுதிவைத்த பின்னர்க் களைவாராயின், பின்வரும் ஆராய்ச்சியாளர் தடத்தையும் வேரையும் ஒப்பிட்டு உண்மை காணுதற்கு அவ்வொரு வரியே துணையாகும்.